ஆக்சிஜனா, குளோரினா? தூத்துக்குடிக் கடல்நீருக்குள் ஒரு போட்டி

துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கு ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம்! இந்தச் செய்தியை முதலில் படித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் 2025 செப்டம்பர் 5 அன்று பசுமை ஹைட்ரஜன் முன்னோட்ட ஆலையைத் திறந்தார்கள். துறைமுக வளாகத்துக்குள்ளேயே அமைந்த ஆலை இது. செலவு 3.87 கோடி ரூபாய். குடியிருப்பின் தெருவிளக்குகளும் மின்வாகன சார்ஜிங் நிலையமும் இதன் வாடிக்கையாளர்கள். திறந்த தேதியைப் பாருங்கள், அது வ.உ.சி. பிறந்தநாள்! 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி இதே ஊரிலிருந்து கப்பல் விட்டவரின் பெயர் தாங்கிய துறைமுகத்தில், நாளைய கப்பல்களுக்கான எரிபொருள் வேலை அவர் பிறந்தநாளில் தொடங்கியிருக்கிறது.

இந்த ஆலையின் கொள்ளளவு மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன். ஆனால் எடை போட்டால் ஒரு கிலோகூட வராது, சுமார் 900 கிராம்தான். ஹைட்ரஜன் அவ்வளவு லேசு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீர் என்பது வேதியியல் கணக்கு. அப்படியென்றால் ஒரு மணி நேரத்துக்கு இந்த ஆலைக்கு உள்ளே போக வேண்டியது எட்டு லிட்டர் சொச்சம். ஒரு குடம்கூட நிரம்பாது! அதைப் பிரித்தால் விளக்கு எரிகிறது, வண்டி ஓடுகிறது.

இங்கேதான் மனம் குறுகுறுக்கிறது. அந்தக் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே பார்த்தால் மன்னார் வளைகுடா முழுக்கத் தண்ணீர். அப்படியே மொண்டு ஊற்றிவிட்டால் என்ன? கூடாது. தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கும் கருவிகளான மின்பகுப்பிகளில் இன்று விற்பனையில் இருப்பவை உப்பு நீக்கிய தூய நீரைத்தான் ஏற்கும். கடல்நீரை நேராக ஊற்றினால் உள்ளே என்ன நடக்கும் என்பதுதான் இந்தத் துறையின் திரைமறைவு. வாருங்கள், திரையை விலக்கிப் பார்ப்போம்.

அதற்கு ஆய்வகம்கூட வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளர், முத்துநகர் கடற்கரையில் பிடித்த ஒரு பாட்டில் கடல்நீர், ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று, இரண்டு பக்கமும் சீவிய இரண்டு பென்சில்கள். இவ்வளவுதான் என் சமையலறை மேடையில் இருந்தது. கூடவே ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் கலந்துகொண்டேன். ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு வயரை மாட்டினேன். அடுத்த கணமே இரண்டு முனையிலும் குமிழ்! பேட்டரியின் எதிர்முனையில் மாட்டிய பென்சிலைச் சுற்றி, மஞ்சள் நீர் ஆரத்தித் தண்ணீர்போலக் குங்குமச் சிவப்பாக மாறியது. ஆரத்தியில் சுண்ணாம்பு செய்யும் அதே வேலையை இங்கே ஹைட்ராக்சைடு செய்கிறது. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் கழன்று மேலே போக, மிச்சமிருக்கும் ஹைட்ராக்சைடு அங்கேயே தேங்கிக் காரம் ஏறுகிறது. சற்று நேரத்தில் அந்தச் சிவப்புக்குள் வெண்ணிறக் கலங்கல் படர ஆரம்பித்தது. அது கடல்நீரில் இருக்கும் மெக்னீசியம். காரம் கண்டதும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடாகி வெளியே வந்துவிடுகிறது. கொஞ்சம் கால்சியமும் கூட்டு சேர்ந்துகொள்கிறது.

மறுபக்கத்துப் பென்சிலில் இதற்கு நேர்மாறு. அங்கே மஞ்சள் நிறமே வெளுத்துப் போனது. கூடவே ஒரு வாடை. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னப்பா, பிளீச்சிங் பவுடரைக் கொட்டிட்டியா?" என்று குரல் கொடுத்தார். "இல்லக்கா, கடல் தண்ணிதான்!" என்றேன். அவர் நம்பவில்லை. வாடை குளோரினுடையது. ஆக்சிஜன் வரவேண்டிய இடத்தில் குளோரின் முந்திக்கொண்டு வந்திருந்தது.

அந்த டம்ளருக்குள் பார்த்த இரண்டு தொல்லைகளும்தான் பெர்லின் முதல் சென்னை வரை ஆய்வாளர்களைத் தூங்கவிடாமல் செய்பவை. ஒருபக்கம் வெள்ளைப் படிவு மின்வாயை (என் டம்ளரில் பென்சில்) மூடி அடைக்கிறது. மறுபக்கம் குளோரின் வந்து உலோகத்தை அரிக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள், அதில் குளோரைடு மட்டும் 19 கிராம். சும்மா விடுமா?

குளோரின் ஏன் முந்துகிறது? காகிதத்தில் கணக்குப் போட்டால் முதலிடம் ஆக்சிஜனுக்குத்தான். தண்ணீரைப் பிரிக்க அடிப்படையாகத் தேவைப்படும் மின்னழுத்தம் 1.23 வோல்ட், குளோரைடிலிருந்து குளோரின் வர 1.36 வோல்ட். வித்தியாசம் 0.13 வோல்ட்தான். ஆனால் ஆக்சிஜன் உருவாவது சிரமமான காரியம். நான்கு எலக்ட்ரான்களைக் கழற்ற வேண்டும், இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஒன்று சேர வேண்டும், இடையில் ஒவ்வொரு படியும் மின்வாயின் மேற்பரப்பில் ஒட்டியபடியே நடக்க வேண்டும். குளோரினுக்கு அந்தச் சுற்று கிடையாது. இரண்டு குளோரைடு அயனிகள் ஆளுக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்தால் போதும். ஆக்சிஜனை விரட்டி வரவழைக்கக் கூடுதல் வோல்ட் கொடுக்கக் கொடுக்க, அந்த இடைவெளியில் குளோரின் நுழைந்துவிடுகிறது.

மின்வாயின் மேல் பூசும் வினையூக்கியின் பொறுப்பு இங்கேதான் வருகிறது. தான் செலவாகாமல், ஆக்சிஜனின் அந்த நான்கு படிகளையும் எளிதாக்கித் தர வேண்டும். கூடுதல் வோல்ட் குறையக் குறையக் குளோரினுக்கு வாய்ப்பும் குறையும். 2016-ல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்ட்ராஸர் குழு ஓர் அழகான எல்லைக்கோட்டைப் போட்டுக் காட்டியது. கடல்நீரில் காரம் சேர்த்துவிட்டால், ஆக்சிஜனுக்கும் குளோரின் வகைச் சேர்மங்களுக்கும் இடையிலான இடைவெளி ஏறக்குறைய 0.48 வோல்ட்டாக விரிகிறது. அந்த 0.48-க்குள் வேண்டிய மின்னோட்டத்தைக் கொடுத்துவிடும் வினையூக்கி கிடைத்தால் குளோரின் எட்டிப் பார்க்காது. 0.13 எங்கே, 0.48 எங்கே! எனக்கு இந்த ஓர் எண்ணே புல்லரிப்பைத் தருகிறது.

இப்போது தூத்துக்குடியின் பெருமைக்கு வருகிறேன். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சுவது இந்தக் கரைக்குப் புதிதே அல்ல! திருச்செந்தூர் போகிற வழியில், ஆறுமுகநேரிக்குப் பக்கத்தில் சாகுபுரம். அங்கே டி.சி.டபிள்யூ. ஆலை 1950களின் இறுதியிலிருந்து உப்புக் கரைசலை மின்சாரத்தால் பிரித்துக் காஸ்டிக் சோடா எடுத்துவருகிறது. அந்தப் பிரிப்பில் ஒருபக்கம் குளோரின், மறுபக்கம் ஹைட்ரஜன். காஸ்டிக் சோடா ஒரு டன் வரும்போது கூடவே 25 கிலோ ஹைட்ரஜனும் வந்தே தீரும், அது வேதியியலின் விதி. ஆக, இந்த மாவட்டம் தலைமுறை தலைமுறையாக உப்புத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அப்போது அது உபரி, இப்போது அதுவே கதாநாயகன்.

அப்படியானால் அதே வழியில் நாட்டுக்கே ஹைட்ரஜன் எடுத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த வழியில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் கூடவே 35 கிலோ குளோரின் வரும். 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் இலக்கு 2030-க்குள் வருடத்துக்கு 50 லட்சம் டன். 35-ஆல் பெருக்கிப் பாருங்கள், பதினேழு கோடி டன்னுக்கு மேல் குளோரின்! உலகமே ஒரு வருடத்தில் பயன்படுத்துவதைவிட அதிகம். வைக்க இடமில்லை, கொட்டவும் கூடாது. எனவே குளோரின் வேண்டாம், ஆக்சிஜன்தான் வேண்டும் என்று மின்வாய்க்குப் புதிதாகச் சொல்லிக்கொடுத்தே ஆகவேண்டும்.

மின்வாய்க்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதில் நம்மவர்களுக்கும் பழக்கம் உண்டு என்பதைக் கவனியுங்கள். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நாம் செல்லமாகச் 'சிக்ரி' என்பது, வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறக்கப்பட்டது. காஸ்டிக் சோடா ஆலைகளில் முன்பெல்லாம் கிராஃபைட் மின்வாய், என் பென்சில் மாதிரியேதான், தேய்ந்துகொண்டே வரும். அதற்குப் பதிலாக டைட்டானியத்தின் மேல் ரூதேனியம் ஆக்சைடு பூசிய தேயாத மின்வாயைச் சிக்ரி உள்நாட்டிலேயே உருவாக்கித் தொழிலுக்குக் கொடுத்தது. அந்தப் பூச்சின் திறமையே குளோரினை முந்தவைப்பது. அதே அறிவைத் திருப்பிப்போட்டால் ஆக்சிஜன் முந்தும் பூச்சு. அதே சிக்ரிக்குத் தூத்துக்குடித் துறைமுகப் பகுதியிலேயே ஒரு கடல்சார் மின்வேதியியல் மையம் உண்டு. உப்புக்காற்றிலும் கடல்நீரிலும் உலோகம் எப்படி அரிக்கப்படுகிறது என்பதைக் கடலிலேயே வைத்துப் பார்க்கும் இடம்.

இன்னொன்றையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலையை ஒட்டி 1978-ல் இயங்கத் தொடங்கிய கனநீர் ஆலை. ஸ்பிக்கின் அமோனியாத் தயாரிப்பு வாயுவிலிருக்கும் ஹைட்ரஜனில் கனமான டியூட்டீரியத்தை மட்டும் அமோனியாவுக்கு இடம் மாற்றிப் பிடித்தார்கள். அதற்கும் ஒரு வினையூக்கி, அமோனியாவில் கரைந்த பொட்டாசியம் அமைடு. அணு உலைக்கான கனநீரையே ஹைட்ரஜனிலிருந்து சலித்து எடுத்த ஊர் இது!

சரி, ஆக்சிஜனை முந்தவைக்கும் அந்தப் புதிய பூச்சு எப்படித் தயாராகிறது? ஆய்வகத்தின் பின்கட்டுக்குப் போவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

முதலில் நிக்கல் நுரை. பெயர்தான் நுரை, கையில் எடுத்தால் சாம்பல் நிறத்தில் வளையும் தகடு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துளை. அந்தத் துளைகளால் சிறிய துண்டுக்குள்ளேயே பெரிய மேற்பரப்பு அடங்கிவிடுகிறது. கத்தரிக்கோலால் விரல்நக அகலத்துக்கு வெட்டி, நீர்த்த அமிலத்திலும் அசிட்டோனிலும் அலசுகிறார்கள். பிறகு பச்சை நிறத்தில் நிக்கல் நைட்ரேட், துரு நிறத்தில் இரும்பு நைட்ரேட், கூடவே யூரியா. ஆமாம், வயலுக்குப் போடும் அதே யூரியா! மூன்றையும் நீரில் கரைத்து, நிக்கல் துண்டை அதில் நிறுத்தி, டெஃப்லான் கிண்ணத்தில் ஊற்றி, அதை எஃகுக் குப்பிக்குள் வைத்து இறுக மூடி, 120 டிகிரி செல்சியஸ் அளவில் அடுப்பில் இரவு முழுக்க விட்டுவிடுகிறார்கள். சூட்டில் யூரியா மெல்ல மெல்ல உடைந்து அமோனியாவை விடும், கரைசலில் காரம் அவசரமில்லாமல் ஏறும், நிக்கலும் இரும்பும் சேர்ந்த ஹைட்ராக்சைடு துண்டின் மேல் சீராக முளைக்கும். காலையில் குப்பியைத் திறந்தால் சாம்பல் நிறத் துண்டு கடுகு மஞ்சள் பூசிக்கொண்டு வெளியே வருகிறது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் மெல்லிய இதழ்கள் விளிம்பில் எழுந்து நிற்கின்றன. பிளாட்டினம் இல்லை, இரிடியம் இல்லை. நிக்கலும் இரும்பும் ஓர் இரவு அடுப்பும் மட்டும்!

இந்த நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடு காரக் கரைசலில் ஆக்சிஜன் எடுப்பதில் கெட்டிக்காரன். ஆனால் கடல்நீரில் மட்டும் விட்டால் குளோரைடு உள்ளே புகுந்து அடியிலிருக்கும் நிக்கலைத் தின்றுவிடும். 2019-ல் ஸ்டான்ஃபோர்டில் ஹாங்ஜியே டாய் குழு இதற்கு ஒரு வழி கண்டது. நிக்கலுக்கும் மேல்பூச்சுக்கும் நடுவே நிக்கல் சல்ஃபைடு அடுக்கு ஒன்றை வைத்தார்கள். மின்சாரம் பாயும்போது அதிலிருந்து சல்ஃபேட் உண்டாகிப் பூச்சுக்குள் தங்குகிறது. சல்ஃபேட்டுக்கு எதிர்மின்சுமை, குளோரைடுக்கும் எதிர்மின்சுமை, எனவே குளோரைடு கிட்ட வராமல் தள்ளிப்போகிறது. காரம் சேர்த்த கடல்நீரில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது அந்த மின்வாய்.

இந்த யோசனைக்கு ஒரு முன்னோடி 1980-லேயே உண்டு. மின்வாயின் மேல் மாங்கனீசு டையாக்சைடை ஒரு போர்வையாகப் போட்டால், தண்ணீர் மூலக்கூறு நுழைந்துவிடும், குளோரைடு வெளியே நின்றுவிடும் என்று அமெரிக்காவில் ஜான் பென்னட் காட்டினார். பிறகு ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் கோஜி ஹாஷிமோட்டோ குழு அதைப் பல ஆண்டுகள் வளர்த்தெடுத்தது. விரட்டுவது ஒரு வழி, வடிகட்டுவது இன்னொரு வழி.

சென்னையும் சும்மா இருக்கவில்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸ் இயற்பியல் துறையில் பேராசிரியர் ராமபிரபு தலைமையிலான குழு 2023-ல் கடல்நீர் மின்பகுப்பி ஒன்றின் முக்கிய உறுப்புகளை அறிவித்தது. அவர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்த காரியம். அரித்துப்போகும் உலோகத்தையே அடித்தளமாக வைக்காமல் கார்பனை வைத்தார்கள், அரிப்புக்கு வேலையே இல்லை! அதன்மேல் விலைகுறைந்த இடைநிலை உலோகங்களால் ஆன வினையூக்கி, அதுவும் ஆக்சிஜன், ஹைட்ரஜன் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே. இரண்டு வாயுவும் கலக்காமல் நடுவே நிற்கும் தடுப்புக்குச் செல்லுலோஸ். ஹைட்ராக்சைடு மட்டும் அதன் வழியே போய்வரும்.

வெற்றியா தோல்வியா என்பதைக் கண்டுபிடிக்கும் முறைகூட அழகுதான். கரைசலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, பொட்டாசியம் அயோடைடும் ஸ்டார்ச்சும் தடவிய தாளில் விடுவார்கள். குளோரின் ஒட்டிக்கொண்டிருந்தால் தாள் நீலமாகிவிடும். ஸ்டார்ச் என்றால் வேறொன்றுமில்லை, நம் வீட்டுக் கஞ்சித் தண்ணீரில் இருப்பதுதான். மாதக்கணக்கில் உழைத்த வினையூக்கியின் தலைவிதி அந்தத் தாள் நீலமாகிறதா இல்லையா என்பதில் இருக்கிறது. பக்கத்தில் நின்று பார்க்கும்போது மூச்சே விட முடியாது!

ஒரு நியாயமான கேள்வியை இங்கே வைத்துவிட வேண்டும். இத்தனை பாடு எதற்கு? கடல்நீரைக் குடிநீராக்கும் எதிர்ச்சவ்வூடு முறையில் உப்பை நீக்கிவிட்டு வழக்கமான மின்பகுப்பியில் ஊற்றினால் ஆகாதா? ஆகும். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அதற்கான தண்ணீரின் உப்பை நீக்க ஆகும் மின்சாரம் இதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் பெரிய ஆலைகள் முதலில் அந்த வழியில்தான் போகும், போகட்டும். 2024 பிப்ரவரியில் இந்தத் துறைமுகத்தைப் பசுமை ஹைட்ரஜன் மையமாக்கும் திட்டங்கள் அறிவிக்கப்பட்டபோது, பட்டியலில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் இருந்தது.

இருந்தாலும் நேரடி வழியை நான் விடமாட்டேன். நடுக்கடலில் காற்றாலை நட்டு அங்கேயே எரிபொருள் எடுக்க வேண்டுமென்றால் உறுப்புகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சீனாவில் ஷியே ஹெபிங் குழு 2022-ல் செய்து காட்டியதும் அந்தத் திசையில்தான். தண்ணீர் ஆவியாக மட்டும் நுழையும் சவ்வுக்குப் பின்னால் மின்பகுப்பியை வைத்து 3,200 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார்கள், பிறகு மிதக்கும் மேடையில் கடலுக்கே கொண்டுபோனார்கள். அதோடு, குளோரைடைத் தாங்கும் வினையூக்கி வந்துவிட்டால் தண்ணீரை அவ்வளவு பளபளவெனத் துலக்க வேண்டிய கட்டாயமும் தளரும்.

எந்த வழியில் போனாலும் மிஞ்சும் உப்புக் கரைசல் எங்கே போகும் என்பதில் எனக்குக் கவலை அதிகம். தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை 21 தீவுகள், பவளத்திட்டுகள், கடற்புல். 1986-லேயே கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்த இடம். குளோரின் ஏறிய நீரோ அடர்ந்த உப்புநீரோ அங்கே போய்ச் சேரக்கூடாது. இந்தக் கடலில் 1961-க்குப் பிறகு முத்துச் சிலாபம் நடக்கவே இல்லை. சிப்பிகளுக்கு மறுபடி ஒரு நல்ல காலம் வர வேண்டுமென்றால் கடல் சுத்தமாக இருக்க வேண்டும். 1973-ல் வேப்பலோடையில் கே. அழகர்சாமி முத்து வளர்ப்பில் வெற்றி கண்டபோது, அந்தச் சிப்பி முத்துக்கான கால்சியத்தை எடுத்தது இதே கடல்நீரிலிருந்துதான். என் டம்ளரின் வெண்கலங்கலில் கூட்டு சேர்ந்த அதே கால்சியம்!

உப்புநீருக்கு நல்ல போக்கிடமும் பக்கத்திலேயே இருப்பதாக எனக்குப் படுகிறது. உப்பளங்கள்தான். உப்பளக்காரர்கள் தண்ணீரின் அடர்த்தியை 'டிகிரி' கணக்கில் அளப்பார்கள். சாதாரணக் கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி. பாத்தி பாத்தியாக வெயிலில் ஏற்றி 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால் உப்பு விளையும். குடிநீர் எடுத்தபின் மிஞ்சுவது ஏறக்குறைய இரண்டு மடங்கு அடர்த்தியான நீர். கடலில் விடுவதற்குப் பதில் அளத்துக்குத் திருப்பினால் வெயிலின் வேலையில் ஒரு பங்கு முன்கூட்டியே முடிந்திருக்கும். ஹைட்ரஜன் ஆலையின் வாலில் உப்பளம்! யாராவது செய்து பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

'கடல்நீரிலிருந்து ஹைட்ரஜன், புதிய வினையூக்கி' என்று அடுத்து ஒரு தலைப்புச் செய்தி வந்தால் நான் முதலில் தேடுவது மூன்று விஷயங்களை. மின்னோட்டம் எவ்வளவு? ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் என்பது ஆய்வகக் கணக்கு, தொழிலுக்குச் சில நூறாவது வேண்டும். எத்தனை மணி நேரம்? ஆலை மின்பகுப்பிகள் பல்லாயிரம் மணி நேரம் உழைக்க வேண்டியவை. மூன்றாவதுதான் தூத்துக்குடிக்கானது. அது நிஜக் கடல்நீரா, இல்லை குழாய்த் தண்ணீரில் உப்புப் போட்டுக் கலக்கியதா? பல சோதனைகள் கலக்கிய தண்ணீரில்தான் தொடங்குகின்றன. நிஜக் கடலில் பாசி இருக்கும், நுண்ணுயிர் இருக்கும், மழைக்காலத்தில் சேறு வரும், கொட்டலசு வந்து எதில் வேண்டுமானாலும் ஒட்டும். அதைப் பொடியாகப் பொட்டலம் கட்டிக் கடையில் வாங்க முடியாது.

நம் ஊரில் அது வாசலிலேயே இருக்கிறது. வெயில், காற்று, உப்பு தெரிந்த கைகள், சிக்ரியின் மையம், ஹைட்ரஜன் எடுக்கத் தொடங்கிவிட்ட துறைமுகம், எல்லாமே ஒரு பஸ் தூரத்துக்குள். இங்கே வேதியியல் படிக்கும் பிள்ளைகளே, ஒரு கேனை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் நிரப்பி வாருங்கள். நிக்கல் நுரை வாங்க ஆகும் செலவும் பெரிதல்ல. ஐப்பசித் தண்ணீரையும் சித்திரைத் தண்ணீரையும் தனித்தனியாகப் பிடித்து, எந்த மாதத்துக் கடலில் பூச்சு சீக்கிரம் கழல்கிறது என்று எழுதி வைத்தாலே, ஸ்டான்ஃபோர்டுக்கும் பெர்லினுக்கும் தேவைப்படும் அட்டவணை அது!